சலூனில் நான் அறிவித்த ரகசிய எண்

அன்பும் நிதானமும் ஒருசேர அமைந்த என் மருமகளுக்கு, உன் மாமனார் எழுதுவது. இங்கே நான் நலம். உன் அத்தை, இரண்டு முழங்கால்கள் நீங்கலாக, நலம். என் மானத்துக்குத்தான் போன மாதத்திலிருந்து உடம்பு சரியில்லை. அங்கே நீயும் என் மகனும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கிச் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

தெருவில் என் பேர் மாறிப்போச்சு அம்மா. சலவைக்கடைக்காரர் சட்டையை நீட்டிக்கொண்டே, "வாங்க நானூத்திப் பதினேழு, பட்டன் ஒண்ணு போயிருக்கு" என்கிறார். பழம் விற்கிற அம்மாள், "நானூத்திப் பதினேழுக்கு நல்ல பழமாப் பாத்துப் போடு" என்று தன் தங்கையிடம் சொல்கிறாள். நீ எனக்கு வாங்கிக் கொடுத்த அட்டையின் பின்பக்கத்தில் இருந்த மூன்று எண்கள்தான் அவை. யாருக்கும் காட்டாதீங்க மாமா என்று நீ விரலை வைத்து மறைத்துக் காட்டினாயே, அதே எண்கள். காட்டவில்லை அம்மா, சத்தியமாகக் காட்டவில்லை. வாய்விட்டுச் சொன்னேன், அவ்வளவுதான்.

இதைப் போனிலேயே பேசியிருக்கலாமே என்று கேட்பாய். நான் போனில் பேசினால் மூன்று வீட்டுக்குக் கேட்கும் என்பது உனக்குத் தெரியும். உன் அத்தைக்கு நடந்தது எதுவும் தெரியாது, தெரியவும் கூடாது. அதனால்தான் பேனாவை எடுத்தேன். எழுத்து சத்தம் போடாது பார்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போன முறை வந்தபோது நீ சோபாவில் உட்கார்ந்து, தனியாக ஒரு கணக்கு திறந்து, அதில் கொஞ்சம் பணத்தைப் போட்டு, "மாமா, ஆன்லைன் கடைக்கு இந்த அட்டை மட்டும்தான். ஒரு தடவைக்கு இந்த வரம்புக்கு மேல போகாது. பென்ஷன் பணம் இருக்கிற அட்டையை வீட்டை விட்டு வெளியவே எடுக்காதீங்க" என்றாய். நானும் "சரிம்மா" என்றேன். வாய்தான் சரி என்றது. உள்ளே ஒரே குமுறல். சம்பாதித்தவன் நான், செலவழிப்பதற்கு எனக்கு அளவுகோலா? மிட்டாய் வாங்கிக்கோ ராஜா என்று சின்னப் பிள்ளை கையில் காசைத் திணிக்கிற மாதிரி இல்லையா? பூங்கா பெஞ்சில் இரண்டு நாள் இதையே பேசியதில், பக்கத்தில் உட்காருகிறவர்கள் எல்லாம் இடம் மாறிப் போனார்கள்.

இப்போது சம்பவத்துக்கு வருகிறேன். உன் அத்தை மாடிப்படி ஏறும்போது ஒவ்வொரு படிக்கும் ஒரு "அம்மாடி" போடுகிறாள். கேட்கச் சகிக்கவில்லை. போனில் முழங்காலுக்குப் போடுகிற பெல்ட் ஒன்றின் விளம்பரம் வந்தது. போட்டதும் ஒரு பாட்டியம்மா கயிறு தாண்டி விளையாடுகிறாள். விலை வெறும் எண்ணூறு. ஆச்சரியமாக வாங்கிக் கொடுத்து நல்ல பேர் எடுக்கலாம் என்று, சலூனில் என் முறைக்குக் காத்திருந்தபோது அதைத் தட்டினேன். பக்கத்தின் மேலே ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் சில நிமிடங்களே, முந்துங்கள்! அம்மா, இந்த வித்தையை என்னைவிட நன்றாக அறிந்தவன் யார்? முப்பது வருஷம் பேருந்து நிலையத்து மைக்கில், "இதோ புறப்படத் தயாராக உள்ளது, பயணிகள் விரைந்து ஏறவும்" என்று நான் முழங்கும்போது, டிரைவர் பின்பக்கம் கை கழுவிக்கொண்டிருப்பார், கண்டக்டர் வேலைக்கே வந்திருக்க மாட்டார். எத்தனை பேர் மூட்டையும் பிள்ளையுமாக ஓடிவந்து ஏறி, அரை மணி நேரம் புழுங்கிச் செத்திருப்பார்கள்! அவர்கள் விட்ட சாபமெல்லாம் திரண்டு ஒரு கடிகாரமாக வந்தது. நானும் விழுந்தடித்து ஏறிவிட்டேன்.

அட்டை எண் கேட்டது. இங்கேதான் என் தொழில் என்னைக் கவிழ்த்தது. எழுத்து கண்ணில் பட்டால் என் வாய் தானாகத் திறந்துவிடும், அதுவும் இரண்டு முறை. எடை பார்க்கிற மெஷின் துப்பிய சீட்டை வாசித்து உன் அத்தையின் எடையைச் சந்தைக்கே அறிவித்தவன் நான். அந்த மாதம் முழுக்க அவள் என்னிடம் பேசியது தட்டுகள் மூலமாகத்தான். சலூனில் அட்டையின் முன்பக்கம், பின்பக்கம், காலாவதி மாதம் எல்லாவற்றையும் கணீரென்று வாசித்தபடியே போனில் அடித்தேன். நாற்காலியில் முகம் முழுக்க நுரையோடு இருந்த பிளம்பர், "அண்ணே, கடைசி மூணு நம்பர் சரியா விழல, இன்னொரு தடவை" என்றார், கிண்டலாக. நிலையத்தில் யாராவது இன்னொரு தடவை என்று கேட்டுத் திருப்பிச் சொல்லாவிட்டால் மெமோ வரும் அம்மா. பழக்கதோஷம். சொன்னேன். "நான்கு... ஒன்று... ஏழு." சலூன்காரர் கத்தியை முகத்திலிருந்து எடுத்து வைத்துவிட்டார்.

அடுத்து ஒரு குறுஞ்செய்தி. ரகசிய எண் இன்னது, இன்ன தொகைக்கு, இதை யாரிடமும் பகிர வேண்டாம். அதையும் வாசித்தேன். யாரிடமும் பகிர வேண்டாம் என்பதைக் கொஞ்சம் அழுத்தமாகவே வாசித்தேன். எண்ணைப் போனில் அடித்தேன். உடனே இன்னொரு செய்தி: வரம்பைத் தாண்டியதால் நிராகரிக்கப்பட்டது.

எனக்கு வந்ததே கோபம்! எண்ணூறுக்குக்கூட வக்கில்லாத அட்டையா? "பாத்தீங்களா சார், நம்ம மருமக நம்ம மேல வச்சிருக்கிற நம்பிக்கையை!" என்று சலூன் பூராவும் கேட்கச் சொன்னேன். அந்த விளம்பரப் பக்கமும் சும்மா இருக்கவில்லை. வேறு அட்டை முயலவும் என்று மின்னியது, கடிகாரம் கடைசி நிமிஷத்தில் துடித்தது. நான் சட்டைப் பைக்குள் கைவிட்டு இன்னொரு அட்டையை எடுத்தேன். ஆமாம் அம்மா, அதேதான். வீட்டை விட்டு எடுக்காதீங்க என்று நீ சொன்னதற்காகவே வீம்புக்குத் தூக்கிக்கொண்டு திரிந்த அட்டை. என் முப்பது வருஷமும், உன் அத்தையின் முழங்கால் ஆபரேஷனுக்கென்று ஒதுக்கியதும் அதில்தான் இருக்கின்றன. முதல் நான்கு எண்களை அடித்தும்விட்டேன்.

அப்போது பிளம்பர் நுரைக்குள்ளிருந்து கேட்டார்: "இருங்கண்ணே, எவ்வளவு தொகைன்னு வந்துச்சு அந்த மெசேஜ்ல? இன்னொரு தடவை வாசிங்க." வாசித்தேன். "எண்பதாயிரம்." வாசித்த பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது. முதல் முறையும் நானேதான் வாசித்தேன், அதே எண்பதாயிரம்தான். அறிவிப்பாளன் தன் அறிவிப்பைக் கேட்பதில்லை அம்மா. கேட்டிருந்தால் என்றைக்கோ எனக்கும் ஒரு பஸ் கிடைத்திருக்கும்.

உடனே உனக்குப் போன் போட்டேன். நீ பரிசோதனைக்கூடத்தில் கையுறையோடு நின்றிருப்பாய், போனைத் தோளில் இடுக்கியிருப்பாய், பின்னால் ஏதோ மெஷின் சுற்றுகிற சத்தம் கேட்டது.

"மாமா, மொதல்ல மூச்சு விடுங்க. அந்த இன்னொரு அட்டை நம்பரை முழுசாக் கொடுத்துட்டீங்களா?"

"நாலுதான்மா."

"அப்ப ஒண்ணும் ஆகல. அந்தப் பக்கத்தை மூடுங்க. பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

"சலூன் பூராவும் இருக்கு."

நீ சிரித்திருக்கலாம். திட்டியிருக்கலாம். நான் அன்றைக்கே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அதற்கு உனக்கு முழு உரிமை உண்டு. நீயோ, "அட்டைக்குப் பின்னால பேங்க் நம்பர் இருக்கு மாமா, அதுக்குப் போன் பண்ணி அட்டையை முடக்கச் சொல்லுங்க. மெசேஜ்ல வர்ற லிங்க்ல இருக்கிற நம்பருக்குப் பண்ணாதீங்க" என்றாய். நான் "ஒன்று... எட்டு..." என்று ஆரம்பிக்க, "மாமா! மனசுக்குள்ள!" என்றாய். அறுபத்து மூன்று வயதில் வாழ்க்கையிலேயே முதல் முறையாக ஒரு எண்ணை மனசுக்குள் படித்தேன். உள்ளே நல்ல இடவசதி இருக்கிறது அம்மா, இத்தனை நாள் தெரியாமல் போச்சு.

அந்த அட்டை முடங்கி, இப்போது புதியது வந்துவிட்டது. பழைய எண் செத்துவிட்டது, பேர் மட்டும் தெருவில் உயிரோடு இருக்கிறது. நீ சொல்லிக் கொடுத்ததெல்லாம் இப்போது பழகிவிட்டது. கடையின் விலாசத்தை நானே அடித்துத்தான் உள்ளே போகிறேன், எண்ணைவிடத் தொகையை முதலில் பார்க்கிறேன். கடிகாரம் ஓடுகிற கடை என்றால் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன், பஸ் போனால் போகட்டும். என் மகனிடம்கூட நீ இதைச் சொல்லவில்லை என்று அவன் பேச்சிலிருந்தே தெரிந்தது. எண்பதாயிரம் தப்பியதற்கு ஒரு நன்றி என்றால், அதற்கு இரண்டு. நல்ல பெல்ட்டாக நீயே பார்த்துச் சொல், பொருளைக் கையில் வாங்கிக்கொண்டு பணம் கொடுக்கிற கடையாக இருக்கட்டும். உன் அத்தைக்கு அது ஆச்சரியமாக இருக்க வேண்டும்.

நீ தொட்ட காரியமெல்லாம் ஒழுங்காக முடியட்டும். கணக்கில் பணமும், வீட்டில் சிரிப்பும் வரம்பு தாண்டியே இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் மாமனார் (தெருவுக்கு நானூற்றுப் பதினேழு)

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனேன். சமையலறையிலிருந்து உன் அத்தையின் குரல்: "பெல்ட்டு கறுப்பு வேண்டாம்னு சேத்து எழுதுங்க, அழுக்கு தெரியாம இருக்கிற வேற கலரா பாக்கச் சொல்லுங்க. அந்த எடை மெஷின் கதையை எதுக்கு அவகிட்ட எழுதினீங்க?" அப்போதுதான் உறைத்தது. இந்தக் கடிதம் முழுவதையும் வாசித்துக்கொண்டே எழுதியிருக்கிறேன், முக்கியமான இடங்களை இரண்டு முறை. ஆகவே மேலே அத்தைக்குத் தெரியாது, ஆச்சரியம், மனசுக்குள் படித்தேன் என்று வருகிற இடங்களையெல்லாம் நீயே அடித்துவிடு.

உன் அத்தை இன்னும் விடவில்லை. "அந்த வரம்பையும் எடுத்துடச் சொல்லுங்க. இவ்வளவு பட்டும் புத்தி வராமலா போயிடும்? வீட்டுப் பெரிய மனுஷனுக்கு ஒரு மரியாதை வேணாமா?" என்கிறாள். "சரி சரி, அதைத்தான் எழுதறேன்!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, உதட்டை இறுக மூடிக்கொண்டு இதை எழுதுகிறேன்: எடுக்காதே அம்மா. ரோட்டைத் தாண்டும்போது பின்னாலிருந்து யாரோ என் சட்டையைப் பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரி தைரியமாக இருக்கிறது.