இன்னும் விலகவில்லை

"விலகின தேதி, விலகின காரணம். இந்த ரெண்டு கட்டமும் காலியா இருக்கே சார்" என்று குழு உறுப்பினர் படிவத்தைத் திருப்பித் தள்ளினார் நகர அரங்கத்தின் குமாஸ்தா.

கண்ணாடிக்கடைக்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 'இடிமுழக்கம்' ராக் குழுவை இருபது வருடமாகக் கட்டி இழுப்பவர் அவர். பாடுவது அவர், கிடார் அவர், திட்டுவதும் அவர்தான். மற்றவர்கள் வந்தார்கள், போனார்கள். இருபது வருடம் விடாமல் நடக்கும் குழு என்று வரலாறு எழுதிக் கொடுத்தால் அரங்கத்தில் ஒரு மாலை நேர நிகழ்ச்சி கிடைக்கும். அந்த மேடையில் ஒரே ஒரு தடவை நின்று பாடிவிட வேண்டும் என்று அவர் ஏங்காத நாளில்லை.

"பதினேழு பேர் போயிருக்கானுங்க. காரணத்துக்கு நான் எங்க போவேன்?"

"கேட்டு எழுதுங்க. ஒரு கட்டம்கூடக் காலியா இருக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை கடைசி."

கடைக்கு வந்து, யாருடைய மூக்குக்கண்ணாடிக்கோ திருகு முடுக்கிக்கொண்டே போன் போட்டார். முதலில், ஒரே மாதத்தில் அடுத்தடுத்துக் கழன்றுகொண்ட ஆரம்பகாலத்து ஆட்கள்.

"முதுகு வலிடா" என்றார் பழைய கீபோர்டுக்காரர்.

"நீ உக்காந்துதானே வாசிச்ச?"

"உக்காந்துதான் வந்துச்சு."

பேஸ் கிடார்க்காரர், "வீட்ல வேண்டாம்னுட்டாங்க" என்றார்.

"அப்ப உனக்குக் கல்யாணமே ஆகலியே!"

"ஆகப்போறவ வேண்டாம்பான்னு தோணுச்சு."

எதிர்ச்சாரி பேக்கரியிலிருந்த இரண்டாம் கிடார்க்காரர் வேலை மாறிவிட்டதாகச் சொன்னார். கடை வாசலில் நின்றபடியே அவரைப் பார்த்துக்கொண்டு, "எங்கடா மாறின? அதே பேக்கரிதானே!" என்று கத்தினார் இவர்.

"மாவு பிசையற இடத்துலேர்ந்து அடுப்புக்கு மாத்திட்டாங்க."

தலையில் அடித்துக்கொண்டு எல்லாவற்றையும் எழுதினார். இப்போதிருக்கும் மூன்று பேரின் கட்டங்கள்தான் பாக்கி. காலியாக விடக் கூடாதே! 'இன்னும் விலகவில்லை' என்று எழுதினார்.

அன்று சாயங்காலம் ஒத்திகையில் ட்ரம்ஸ் வாசிக்கும் எலக்ட்ரீஷியன் படிவத்தை எடுத்துப் படித்தார்.

"இன்னும்னா என்னண்ணே அர்த்தம்? எப்படா போவான்னு பாத்துக்கிட்டு இருக்கீங்களா?"

"ஐயோ, கட்டத்தை நிரப்பச் சொன்னாங்கய்யா!"

"நல்லா நிரப்புங்க. இன்னைக்குத் தேதியைப் போட்டுக்கங்க." குச்சிகளைப் பையில் செருகிக்கொண்டு எலக்ட்ரீஷியன் போயே விட்டார்.

அவசர அவசரமாக, பேஸ் வாசிக்கும் மச்சானுக்கு நேரே அதை அடித்துவிட்டு 'விலகவே மாட்டார்' என்று எழுதினார். மச்சான் முகம் வெளிறிப்போனது.

"என்ன மாமா, ஆயுள் தண்டனையா? ஒரு வார்த்தை என்னைக் கேட்டீங்களா?"

மச்சானும் கிளம்பினார். எதற்கு வம்பு என்று கீபோர்டு வாசிக்கும் தையற்காரரின் கட்டத்தை மட்டும் சுத்தமாக அழித்து வைத்தார்.

"எல்லாருக்கும் ஏதோ எழுதியிருக்கு, எனக்கு ஒண்ணுமே இல்ல. அப்ப நான் ஆளாவே தெரியல, இல்ல?" என்றார் தையற்காரர். கீபோர்டைக் கழற்றி மூட்டை கட்டவே அரை மணி நேரமானது.

ராக் குழுவில் இப்போது மிச்சமிருப்பது ஒரே ஒரு ஆள். வேறு வழியில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் கிடாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, அந்த ஆரம்பகாலத்து ஆட்களில் ஒருவரான முதல் ட்ரம்ஸ்காரர் வீட்டுக்குப் போனார். ஒரே ஒரு சாயங்காலத்துக்கு மட்டும் வாடா என்று காலில் விழுந்தாவது கேட்டுவிடுவது என்ற முடிவு. இருபது வருடத்தில் யாரிடமும் அவர் கெஞ்சியதில்லை.

மாடியில் ஒரே சத்தம். ட்ரம்ஸ், கிடார், கீபோர்டு எல்லாம் கனகச்சிதமாக ஒன்றாய் ஓடிக்கொண்டிருந்தன. ரேடியோவை இப்படி அலறவிட்டால் மனுஷன் எப்படிப் பேசுவது என்று எரிச்சலோடு மணியை அழுத்தினார்.

கதவைத் திறந்த ட்ரம்ஸ்காரரின் மாமியார் அவரையும் தோளிலிருந்த கிடாரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இடிமுழக்கம்" என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார் இவர்.

அந்த அம்மாள் முகமெல்லாம் மலர, மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்:

"மாப்ளே! உங்க இடிமுழக்கத்துலேர்ந்து ஒரே ஒருத்தர்தான் விலகிப் போனார்னு சொல்வீங்களே, அந்தத் தம்பி வந்திருக்காரு!"