நானூற்றுப் பதினேழாம் இலக்கக் குளிர்ச்சட்டை

அமெரிக்க இராணுவத் தளத்து வேலிக்கு அடுத்த ஊர்,
வியாழக்கிழமை மத்தியானம்.

வுப்பர்டாலில் தொங்கு ரயிலுக்குக் கீழே குடியிருந்துகொண்டு உலகத்தை மேலிருந்து பார்க்கும் மதிப்புக்குரிய அத்தான் செல்வரட்ணம் அவர்களுக்கு, தையற்கடை மைத்துனன் உருத்திரமூர்த்தி பணிவுடன் எழுதிக்கொள்வது.

நானும் கமலாம்பிகையும் சுகம். அக்காவின் முழங்காலும் உங்கள் பிரசரும் சொன்னபடி கேட்டு நடக்கின்றன என்று நம்புகிறேன். தொலைபேசியில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். தொலைபேசியில் நீங்கள் பேசுவீர்கள், நான் ஓம் ஓம் என்பேன், பிறகு வைத்துவிடுவோம். முப்பது வருடமாக அப்படித்தான் நடக்கிறது. ஆகையால் நீங்கள் குறுக்கே பேச முடியாத வழியில் எழுதுகிறேன்.

விஷயம் சாரங்கா. பெற்றது நாங்கள் என்றாலும் அவள் கேட்பது உங்கள் பேச்சை மட்டும்தான். ஒன்பது வயதில் விடுமுறைக்கு உங்கள் வீட்டுக்கு வந்த இடத்தில் அப்பெண்டிக்ஸ் ஒப்பரேசன் நடந்ததே, நாங்கள் வந்து சேரும் வரைக்கும் நீங்கள்தானே கையெழுத்து வைத்து, இரண்டு இரவு கதிரையிலேயே கிடந்தீர்கள். அன்றைக்குப் போனவள் என் பக்கம் திரும்பவில்லை. இப்போது எர்லாங்கன் நகரில் இருந்துகொண்டு வைத்தியசாலை இயந்திரங்கள் பூட்டுகிற வேலை. வருகிற பதினெட்டாம் திகதி ஆறு மாதத்துக்கு வளைகுடாப் பக்கம் போகவேண்டுமாம். நான் வேண்டாம் என்றேன். அவள் உங்களைக் கேட்டாள். நீங்கள் சொன்னதை எனக்கு அப்படியே நடித்துக் காட்டினாள்: "அமெரிக்கா இந்தமுறை சண்டைக்குப் போகாது, பிள்ளை. கப்பல் அனுப்புறது வெருட்டத்தான். பேச்சுவார்த்தை நடக்குது. நீ பயப்பிடாமல் போ."

அத்தான், கோயில் மண்டபத்தில் நீங்கள் அமெரிக்க வெளிநாட்டுக் கொள்கை பற்றிப் பேசும் ஞாயிற்றுக்கிழமைகளில் முன்வரிசையில் இருந்து தலையாட்டியவன் நான். உங்களுக்கு அந்தக் கொள்கை பத்திரிகையில் வருகிறது. எனக்கு அது சொப்பிங் பையில் மடித்து வருகிறது. கடை மணி அடிக்கும், தளத்துப் பெடியன் ஒருவன் பையை மேசையில் வைத்து சேர் என்பான். காற்சட்டை நீளம் குறைக்க வந்தால் உலகம் நலம். பெயர்ப்பட்டி தைக்க வந்தால் யாரோ புதிதாக வந்திருக்கிறார். பதவிப்பட்டி மாற்ற வந்தால் யாருக்கோ உயர்வு, அன்றைக்குச் சொக்லேற்றும் தருவார்கள். இரத்தவகை தைக்க வந்தால்தான் நான் தேத்தண்ணியைக் குடிக்காமல் ஆறவிடுவேன்; காயப்பட்டால் எந்த இரத்தம் ஏற்றுவது என்று காட்டும் அந்தப் பட்டி, சண்டைக்குப் போகிறவனுக்குத்தான் வேண்டும். ஈராக் சண்டைக்கு முதல், ஆயுதம் இருக்கிறதா என்று பரிசோதகர்கள் தேடிக்கொண்டிருந்தபோது, "தேடி முடியுமட்டும் ஒண்டும் நடவாது" என்று மண்டபத்தில் அடித்துச் சொன்னீர்கள், ஞாபகமா? அந்தக் கிழமை நான் ஓ பொசிற்றிவ் மட்டும் நூற்றுப்பத்துத் தைத்து முடித்திருந்தேன்.

இப்போது மூன்று கிழமையாக வேறொன்றும் வருவதில்லை. ஓ, ஏ, பி, ஏபி என்று நெஞ்சுக் கவசத்துக்கு ஒன்று, பைக்கு ஒன்று, சப்பாத்துக்குக்கூட ஒன்று. முந்தநாள் ஒரு பெட்டை வந்தாள், இருபது வயது இருக்கும். நான் தைத்துக் கொடுத்த பட்டியை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, "கழுவினால் இது போகாதே?" என்று கேட்டாள். துணி போனாலும் எழுத்து நிற்கும் என்று எங்கள் தொழில் வழக்கப்படி பெருமையாகச் சொல்லிவிட்டேன். சந்தோசமாகத்தான் போனாள்.

பெரிய விமானம் எழும்பும்போது கடைக் கண்ணாடி அதிரும், கம்பியில் தொங்கும் சட்டைகளின் கைகள் எல்லாம் ஒரே பக்கம் ஆடும். முந்தி நாளைக்கு ஐந்தாறு தரம். இப்போது ஆடி நிற்பதற்கு முன் அடுத்தது வருகிறது. கமலாம்பிகை அந்த ஆடும் கைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் பொத்தான் தைக்கிறாள். அவள் யாழ்ப்பாணத்தில் குண்டுவீச்சுக்குள் வளர்ந்தவள், சத்தம் கேட்டால் அவளுடைய கண் தானாக மேசைக்குக் கீழே போய் இடம் பார்க்கிறது.

இனித்தான் நான் செய்த மடத்தனமான வேலை. கடைசிக் கம்பியில் ஒரு குளிர்ச்சட்டை தொங்கியது. ஸிப் மாற்றத் தந்த ஆமிக்காரன் இரண்டு வருடமாக வரவில்லை. நான் கொடுத்த ரசீதுத் துண்டின் இலக்கம் நானூற்றுப் பதினேழு. ஆறு மாதத்தில் எடுக்காத உடுப்பைப் பழைய உடுப்புப் பெட்டிக்குள் போடுவோம் என்று சுவரில் ஒட்டியிருக்கிறேன். ஆனால் ஆமிக்காரரின் உடுப்பை மட்டும் நான் போட்டதில்லை. உடுப்புத் தொங்குமட்டும் ஆள் எங்கேயோ உயிரோடு இருக்கிறான் என்று எனக்கு ஒரு எண்ணம். சிரியுங்கள், பரவாயில்லை. போன மாதம் சாரங்கா வந்தபோது பத்திரங்கள் வைத்த பையை இங்கே விட்டுவிட்டுப் போனாள். நான் அதிலிருந்த கடவுச்சீட்டை எடுத்துக்கொண்டு பையை மட்டும் தபாலில் அனுப்பினேன். வீட்டில் ஒளிக்க வழியில்லை, கமலாம்பிகை அரிசி வாளியின் அடியையும் துடைக்கிறவள். எண்பத்தைந்தில் நீங்களும் நானும் அகதிகளாகக் கிழக்கு பெர்லினில் இறங்கி மேற்குப் பக்கம் ரயில் ஏறியபோது, நம் இருவரின் அடையாள அட்டைகளையும் என் கோட்டின் உள்துணிக்குள் வைத்துத் தைத்தவன் நான்தானே. பொலிஸ்காரன் தடவியும் அகப்படவில்லை. அதே தையலைத்தான் நானூற்றுப் பதினேழின் இடப்பக்க நெஞ்சில் போட்டேன்.

போன கிழமை செவ்வாய், நூல் வாங்கிக்கொண்டு திரும்பினால் கம்பியில் வெறும் ஹாங்கர் ஆடுகிறது.

"எங்கை அந்தக் குளிர்ச்சட்டை?"

"ஆள் வந்து எடுத்துக்கொண்டு போட்டார்," என்றாள் கமலாம்பிகை. "துண்டு வைச்சிருந்தார். நாலு, ஒண்டு, ஏழு."

"ஆள் எப்பிடி இருந்தார்?"

அவள் ஊசியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாள். முகம் ஞாபகம் வரவில்லையாம். "மெலிஞ்ச ஆள். இங்கையே போட்டுப் பார்த்தார். நெஞ்சைத் தடவிப்போட்டு, முந்தியைவிடப் பாரமாக் கிடக்கு எண்டார். வேறை ஒண்டும் கதைக்கேல்லை."

"இங்கிலீசிலையோ சொன்னவர்?"

"எனக்கு விளங்கினதுதானே," என்றாள்.

அத்தான், கமலாம்பிகைக்கு ஆங்கிலத்தில் தாங்க் யூவுக்கு அங்காலே ஒரு சொல்லும் தெரியாது.

உடனே சைக்கிளை மிதித்துத் தளத்து வாசலுக்குப் போனேன். காவலில் நின்றவன் ஆளின் பெயர் கேட்டான். நானூற்றுப் பதினேழு என்றேன். என்ன அலுவல் என்றான். உங்கள் ஆமிக்காரர் ஒருவரின் சட்டைக்குள் ஒரு சாமான் வைத்துத் தைத்துவிட்டேன், அவர் அதைப் போட்டுக்கொண்டு உள்ளே போயிருக்கலாம், பார்த்து எடுத்துத் தாருங்கள் என்று நல்ல மரியாதையாகச் சொன்னேன். இராணுவத் தளத்து வாசலில் அப்படிச் சொன்னால் என்ன நடக்கும் என்பது, அந்தப் பெரிய நாய் வந்து என்னை முகரத் தொடங்கியபிறகுதான் எனக்கு உறைத்தது. ஒன்றரை மணித்தியாலம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன், என்னுடைய சப்பாத்துக்குள்ளும் பார்த்தார்கள். கடைசியில் என் கடைக்கு வழமையாக வரும் ஒரு பெரியவர் என்னை அடையாளம் கண்டு, இந்த மனுசன் காற்சட்டை மடிப்பதைத் தவிர வேறொன்றும் அறியாது என்று சாட்சி சொல்லி மீட்டார். அவரிடம் நானூற்றுப் பதினேழை விசாரித்தேன். இந்தக் கிழமை போகவேண்டியவர்கள் போய்விட்டார்கள் என்றார். எங்கே என்றேன். அவர் சிரித்துக்கொண்டு என் காற்சட்டையில் ஒட்டியிருந்த நாய்மயிரைத் தட்டிவிட்டார்.

இப்படியாக, என் பிள்ளையைப் போகவிடாமல் தடுக்க நான் ஒளித்த கடவுச்சீட்டு, அவளுக்கு முதல் போய்விட்டது. அவளுடைய படமும் பிறந்த திகதியும் யாரோ ஒருவனின் நெஞ்சில் ஒட்டிக்கொண்டு எங்கேயோ நிற்கின்றன. எனக்குப் பயமாக இருக்கிறது, அத்தான்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். பிள்ளையைக் கூப்பிட்டு, "மாமாவுக்குப் பிழைச்சுப் போச்சு, நீ போகாதை" என்று சொல்லுங்கள். உங்கள் வாயில் அந்தச் சொல் இதுவரை வந்ததில்லை என்று தெரியும், ஒருமுறை வந்தால் குறைந்துபோக மாட்டீர்கள். கடவுச்சீட்டுக் கதையை மட்டும் விட்டுவிடுங்கள். எர்லாங்கனில் எங்கேயோ தொலைத்துவிட்டேன் என்று நினைத்து அறை முழுக்கத் தேடுகிறாளாம்; எனக்குச் சொல்லவேண்டாம் என்று தாயிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். இந்த நாட்டில் பல்லுப் பிடுங்கவே மூன்று மாதத்துக்குப் பிறகுதான் டெர்மின் என்று ஒரு திகதி தருகிறார்கள், புதுக் கடவுச்சீட்டுக்கு எப்படியும் அவ்வளவு செல்லும். அதனால்தான் பதறாமல் தபாலில் எழுதுகிறேன்.

அக்காவுக்கு என் அன்பு. வேலிக்கு இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் போன இடத்திலிருந்து போனபடியே திரும்பிவர நல்லூரான் கண் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் பேச்சை இன்றுவரை தட்டாத,
உருத்திரமூர்த்தி

பி.கு.: வெள்ளி காலை. ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். சாரங்கா பிராங்பேர்ட் விமான நிலையத்திலிருந்து தொலைபேசி எடுத்தாள். கடவுச்சீட்டைத் தொலைத்ததற்கு நான் ஏசுவேன் என்று பயந்து, ஒரு சொல்லும் சொல்லாமல் அவசரமாகப் புதிது கேட்டாளாம், மூன்றே நாளில் கொடுத்துவிட்டார்கள். போக இருந்த வேறொருவர் மாட்டேன் என்றபடியால் இவளை முந்திக் கூப்பிட்டிருக்கிறார்கள். "பயப்பிடாதேங்கோ அப்பா, மாமா சொன்னவர்தானே," என்றுவிட்டு வைத்தாள். இப்போது விமானம் எழும்பியிருக்கும். ஆகவே மேலே கேட்ட ஒன்றையும் நீங்கள் செய்யவேண்டாம்.

இங்கே விடிந்ததிலிருந்து வானத்தில் ஒரு சத்தமும் இல்லை. கடை திறக்கமுதலே தளத்து ஆட்கள் வாசலில் வரிசையாக நின்று எல்லா உடுப்பையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள், நான் குண்டூசி குத்தி வைத்திருந்தவற்றையும் அப்படியே, ஊசியோடு. பேச்சுவார்த்தை நல்லபடி நடக்கிறது என்று ரேடியோ சொல்கிறது. நான் வெறும் பட்டி ஒன்றை மெஷினில் பூட்டிவிட்டு இருக்கிறேன். எத்தனையோ ஆயிரம் பிள்ளைகளின் இரத்தவகை என் கையால் போயிருக்கிறது. என் பிள்ளையுடையது எனக்குத் தெரியாது, தாய்க்கும் ஞாபகம் இல்லை. அதை எழுதிய அந்த ஒப்பரேசன் துண்டு உங்களிடம்தான் இருக்கவேண்டும். தேடியெடுத்து, கடிதம் கிடைத்தவுடனே எனக்குச் சொல்லுங்கள், அத்தான்.