துரைக்கு ஈரம் ஆகாது

திருகாணி சார் தன் வாழ்நாளில் கட்டிய ஒரே கோட்டையின் பெயர் 'தெரியாது'.

தொழிற்சாலையில் அவர் திருகாணிகளின் தரம் பார்ப்பவர். தலைமுடிப் பருமன் பிசகினாலும் தூக்கிக் கடாசிவிடுவார். அதனால்தான் அவருக்குத் 'திருகாணி சார்' என்று பெயர். ஆனால் அந்தக் கண்ணும் அந்தக் கையும் சமையலறை வாசலைத் தாண்டினால் பச்சைக் குழந்தையாகிவிடும்.

கல்யாணமான புதிதில் மனைவி ஒரு கேரட்டை நறுக்கித் தரச் சொன்னாள். நறுக்கினார். ஒரு துண்டு செங்கல் மாதிரி வந்தது. இன்னொன்று கதவுக்கு வைக்கும் ஆப்பு மாதிரி. மூன்றாவது துண்டு அடுப்புக்குப் பின்னால் போய் விழுந்து இன்றுவரை கிடைக்கவில்லை. மனைவி பார்த்தாள். பெருமூச்சு விட்டாள். "கொடுங்க இப்படி" என்று கத்தியை வாங்கிக்கொண்டாள்.

அன்றோடு விடுதலை. அத்தனை கோணலாக நறுக்க அவர் எவ்வளவு பாடுபட்டார் என்பது அவருக்குத்தான் தெரியும்.

கோட்டைக்கு ஒரே ஒரு பின்வாசல் இருந்தது. மனைவி எதை 'வேண்டாம்' என்று சொன்னாலும், 'ஏன் வேண்டாம்?' என்று அவர் வாய் தானாகக் கேட்டுவிடும்.

மனைவி ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பாளர். பெரிய நாற்காலியைப் பார்த்தாலே நடுங்குகிறவர்களிடம் பேசிப் பேசி, அவர்களாகவே போய் உட்காரும்படி செய்வது அவள் உத்தியோகம். இதைத் திருகாணி சார் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

ஒரு சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: "கீழ் வீட்டுப் போட்டோக்காரர் குடும்பத்தோட ஊருக்குப் போறாராம். அவங்க இகுவானாவை நம்ம வீட்டுல விட்டுட்டுப் போகட்டுமான்னு கேட்டாங்க. வேண்டவே வேண்டாம்னு சொல்லிட்டேன்."

"ஏன் வேண்டாம்? என்னைக் கேட்காம நீ எப்படிச் சொல்லலாம்?"

"அது பெரிய பல்லிங்க. தினமும் கீரையும் காயும் நறுக்கிப் போடணும். உங்களுக்குத்தான் தெரியாதே."

"நீ நறுக்கிப் போடு."

"உங்களுக்கு நறுக்கறதே எனக்குப் போதும். இன்னொரு பல்லிக்கு வேறயா?"

இந்த 'இன்னொரு' திருகாணி சாருக்குச் சுருக்கென்று தைத்தது. "கொண்டுவரச் சொல்லு! நான் பார்த்துக்கறேன்!"

மறுநாளே பெரிய கண்ணாடிக் கூண்டில் அது வந்து இறங்கியது. கை நீளத்துக்கு உடம்பு, அதைவிட நீளமாக வால், தாடைக்குக் கீழே தொங்கும் தோல். பெயர் துரை. பொருத்தமான பெயர்தான். பாதிக் கண்ணை மூடிக்கொண்டு, வீட்டு வாடகையை உயர்த்தலாமா என்று யோசிப்பது போல அது அவரைப் பார்த்தது.

திருகாணி சார் கடைக்குப் போய் ஒரு கட்டு பசலைக்கீரை வாங்கினார். குழாயடியில் காட்டினார். சொட்டச் சொட்டப் பிளாஸ்டிக் பையில் திணித்து, முடிச்சுப் போட்டு, ஃபிரிட்ஜுக்குள் தள்ளினார். மறுநாள் வெளியே எடுத்தபோது பைக்குள் கீரை இல்லை. பச்சைக் கூழ் இருந்தது. அதில் ஒரு பிடியைத் தட்டில் வைத்தார். துரை முகர்ந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டது. அடுத்த நாளும் அப்படியே.

"என்னங்க, துரை பட்டினியா?" என்றாள் மனைவி.

"விரதம்."

"செத்துகித்துப் போயிட்டா அவங்க மூஞ்சில எப்படிங்க முழிக்கிறது? பேசாம திருப்பிக் கொடுத்திடலாமா? வேண்டாம், நம்மால முடியாது."

"ஏன் முடியாது?" என்று பாய்ந்தார் திருகாணி சார். மனைவி குளிக்கப் போன பிறகு போட்டோக்காரருக்கு ரகசியமாகப் போன் போட்டார்.

"சார், துரை சாப்பிட மாட்டேங்குது."

"கீரையைக் கழுவினீங்களா?"

"கழுவினேன்."

"உதறினீங்களா?"

"எதுக்கு?"

போட்டோக்காரர் நீண்ட பெருமூச்சு விட்டார். "ஈரம்தான் சார் எமன். தண்ணி வடியவிட்டு, துணியில பரப்பி, நல்லாக் காயவிடணும். அப்புறம் உலர்ந்த துணியில சுருட்டி, மூடி போட்ட டப்பால வைக்கணும். பசலையை தினமும் போடாதீங்க, அதுக்கு எலும்பு பலம் போயிடும். கடுகுக்கீரை, முள்ளங்கி இலை, செம்பருத்தி இலைன்னு மாத்தி மாத்திக் கொடுங்க. பூசணியும் பீன்ஸும் தனி டப்பா. கீரையோட சேர்த்து வைச்சா எல்லாம் தண்ணி விட்டுடும். சாப்பிடற நேரத்துலதான் கலக்கணும். மேலே கொஞ்சம் கால்சியம் பொடி."

"இவ்வளவு தெரிஞ்சு வச்சிருக்கீங்களே!"

"எனக்கும் முதல்ல தெரியாதுதான் சார்" என்றார் அவர். குரல் தழுதழுத்தது போலிருந்தது.

அப்போது மாடிப்படிக்குக் கீழே தண்ணீர் மோட்டார் 'கிறீச்' என்று அலறியது. அதே நேரத்தில் போனுக்குள்ளும் ஒரு மோட்டார் 'கிறீச்' என்று அலறியது. அவர் ஊரிலும் இதே மாதிரி ஒரு பாடாவதி மோட்டார் போலிருக்கிறது என்று திருகாணி சார் பரிதாபப்பட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததைத் தொழிற்சாலையில் யாரும் நம்பமாட்டார்கள். திருகாணி சார் கீரையை அலசினார், உதறினார், மின்விசிறிக்குக் கீழே துணியில் இலை இலையாகப் பரப்பினார். ஓர் இலை மடங்கியிருந்தாலும் நீவிவிட்டார். பழுத்த இலை, புழு கடித்த இலை எல்லாம் கழிவுத் திருகாணிகளைப் போல ஓரங்கட்டப்பட்டன. நல்ல இலைகளை அடுக்கி, சுருட்டி, மெல்லிய நூல் நூலாக நறுக்கினார். துரையின் வாய் அகலத்தை அளந்துகொண்டு பீன்ஸை அந்த அளவுக்கே வெட்டினார். அளவுகோல் இப்போது கரண்டிகளோடு தொங்கியது.

துரை ஒரு வாய் தின்றது. நிமிர்ந்து அவரைப் பார்த்தது. மெதுவாக, கம்பீரமாக, மேலும் கீழும் தலையாட்டியது.

திருகாணி சாருக்குக் கண் கலங்கிவிட்டது. தொழிற்சாலையில் எந்த மேலாளரும் அவருக்கு இப்படித் தலையாட்டியதில்லை.

அன்றிலிருந்து அவருக்கு வாய் நீண்டது. மனைவி ஃபிரிட்ஜைத் திறந்தால் பின்னாலேயே போய் நின்றார்.

"என்னம்மா இது? கொத்தமல்லியை ஈரத்தோட வச்சிருக்கே? மூச்சுத் திணறாதா அதுக்கு?"

"அப்படியாங்க? எனக்குத் தெரியாதே."

"பீன்ஸ் ஒண்ணு நீளம், ஒண்ணு குட்டை. எப்படி ஒரே பதமா வேகும்?"

"தெரியலைங்க." அவள் கேரட்டை எடுத்து நறுக்கினாள். ஒரு துண்டு செங்கல் மாதிரி வந்தது. இன்னொன்று ஆப்பு மாதிரி. மூன்றாவது துண்டு எகிறி அடுப்புக்குப் பின்னால் போய் விழுந்தது.

திருகாணி சாரால் பார்க்கச் சகிக்கவில்லை. பெருமூச்சு விட்டார்.

"கொடு இப்படி" என்று கத்தியை வாங்கிக்கொண்டார்.

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போய், ஜன்னலோரம் உட்கார்ந்து, பத்திரிகையைப் பிரித்தாள். இப்படியே மதியச் சாப்பாட்டுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் காய்கள் அவர் கைக்கு வந்து சேர்ந்தன. 'துரைக்கு நறுக்கும்போது கூடவே நமக்கும் நாலு' என்றுதான் முதலில் ஆரம்பித்தது. சீக்கிரமே நமக்கு நறுக்கும்போது கூடவே துரைக்கும் நாலு என்றாகிவிட்டது. துரை கீழ் வீட்டுக்குத் திரும்பியதும் எல்லாம் பழையபடி ஆகிவிடும், கோட்டைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம் என்று அவர் தன்னைத் தேற்றிக்கொண்டார்.

அந்த நாளும் வந்தது. போட்டோக்காரர் வந்துவிட்டதாக மனைவி சொன்னாள். திருகாணி சார் துரையைத் தோளில் ஏற்றிக்கொண்டு கீழே இறங்கினார். கதவைத் திறந்த போட்டோக்காரர் தோளில் ஈரத்துணி. பின்னால் மின்விசிறிக்குக் கீழே, துணியில் இலை இலையாகக் கீரை காய்ந்துகொண்டிருந்தது.

"துரைக்கு இப்பவே தயார் பண்ணிட்டீங்களா சார்?"

"துரைக்கு இல்ல சார்." போட்டோக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "எங்களுக்கு. தினமும்தான்."

"ஊருக்குப் போயிட்டு வந்த களைப்புலயா?"

"எந்த ஊருக்கு?"

திருகாணி சார் காதில் ஒரு மோட்டார் 'கிறீச்' என்றது.

"துரை எங்களோடது இல்ல சார்" என்று போட்டோக்காரர் குரலைத் தாழ்த்தினார். "பல் டாக்டர் வீட்டுலேர்ந்து எங்க வீட்டுக்கு வந்துச்சு. டாக்டரம்மாவும் என் வீட்டுக்காரியும் உங்க வீட்டம்மாவும் சேர்ந்து பேசித்தான்... அடுத்தது நாலாவது மாடி ஆடிட்டர் வீடு. பாவம், அவருக்குக் கத்தியைப் பிடிக்கவே தெரியாதாம்."

உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் கேட்டது: "பூசணியைத் தனி டப்பால வச்சீங்களா?"

"வச்சிட்டேம்மா!" என்று சொல்லிப் போட்டோக்காரர் துரையை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார். சாத்துமுன் துரை திருகாணி சாரைப் பார்த்து ஒருமுறை தலையாட்டியது. வேலை முடிந்தது என்பது போல.

திருகாணி சார் படிகளில் தாவி ஏறினார். நேரே சமையலறைக்குப் போனார். கோட்டையை மீட்டாக வேண்டும். ஒரு கேரட்டை எடுத்தார். வேண்டுமென்றே கத்தியைச் சாய்த்துப் பிடித்தார். கண்ணைக்கூட மூடிக்கொண்டு நறுக்கினார். திறந்து பார்த்தால் வட்டம் வட்டமாக, ஒன்றுபோல் ஒன்றாக, தொழிற்சாலையில் முத்திரை குத்தலாம் போல வரிசையாக நின்றன. பாழாய்ப்போன கை!

"அடடா, அழகா இருக்கே" என்றாள் மனைவி, வாசலில் சாய்ந்துகொண்டு.

"எல்லாம் தெரிஞ்சுபோச்சு! எல்லாரும் சேர்ந்து என்னை ஏமாத்தியிருக்கீங்க. இனிமே உன் பேச்சு எதுவும் என்கிட்ட பலிக்காது!"

"சரிங்க" என்றாள் அவள் சாந்தமாக. "நல்லவேளை ஞாபகம் வந்துச்சு. மூணாவது மாடி டீச்சரம்மா பூனையை நம்மகிட்ட விட்டுட்டுப் போறேன்னாங்க. தரையைப் பளபளன்னு துடைச்சு வச்சாத்தான் அதுக்குத் தூக்கம் வருமாம். உங்களுக்குத்தான் துடைக்கத் தெரியாதே. வேண்டவே வேண்டாம்னு சொல்லிட்டேன்."

திருகாணி சார் பல்லைக் கடித்தார். உதட்டை மடித்தார். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

விரலிடுக்கு வழியாக வந்துவிட்டது:

"ஏன் வேண்டாம்?"