உடைத்தவரே பொறுப்பு

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் பணிவான வணக்கம். நீயும் அத்தானும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நானும் சுகம்தான், இடுப்புவரை நனைந்திருக்கிறேன், அவ்வளவுதான்.

உன் வீட்டுக் கீழ் அறையைக் காலி செய்து வைத்துவிட்டு, "அந்த முகாமை விட்டுட்டு எப்படா வருவே?" என்று நீ கேட்காத மாதமில்லை. நான் வராததற்குக் காரணம் முகாமின் விதி ஒன்று. அதன் வரலாற்றைச் சொன்னால்தான் உனக்குப் புரியும். எங்கள் தெருப் பிள்ளைகள் பந்தடித்து ஒரு ஜன்னலைக்கூட மிச்சம் வைக்காத காலத்தில், "உடைக்கிறதா இருந்தா ஊருக்கு வெளியே போய் உடைங்க!" என்று தையல்கார அம்மா போட்ட சத்தத்தில் பிறந்ததுதான் இந்த ஏரிக்கரை இளைஞர் முகாம். தெருவே சேர்ந்து கூடாரம் தைத்தோம், சமையல் கொட்டகை போட்டோம், பழைய படகு ஒன்றுக்குத் தார் பூசினோம். முதல் கூட்டத்திலேயே தலைவியாகிவிட்ட அந்த அம்மா ஒரே ஒரு விதிதான் போட்டார்: எதை யார் உடைத்தாலும், அடுத்து ஒருவர் உடைக்கும்வரை அதற்கு அவரே பொறுப்பு. அன்றிலிருந்து எங்கள் முகாமில் எந்த வேலைக்கும் அந்த வேலை தெரிந்தவர் வந்ததே இல்லை. படகைப் பாறையில் மோதிய ரொட்டிக்கடைக்காரர், நீச்சல் தெரியாததால், கரையில் நின்றபடியே படகோட்டக் கற்றுக்கொடுக்கிறார். அடுப்பைச் சாய்த்த கணக்கு வாத்தியார் சமைக்கிறார். பிள்ளைகள் கஞ்சியை மீதி வைப்பதில்லை, பயம். ஏறுசுவரின் பிடியைப் பெயர்த்துக்கொண்டு விழுந்தவர் பல் டாக்டர், பிடுங்குவது அவருக்குக் கைவந்த கலைதானே. நானோ முதல் நாளே கூடார முளை என்று நினைத்துத் தண்ணீர்க் குழாயில் ஓங்கி அடித்தேன். அன்று என் மகள் பிறக்கவில்லை. இன்று அவள் பெண்ணே முகாமுக்கு வருகிறாள். இத்தனை வருஷமும் குழாய், தொட்டி, பம்பு எல்லாம் என் தலையில். வேறு யாராவது உடைத்துத் தொலைக்க மாட்டார்களா என்று பார்த்தால், பிள்ளைகள் பம்புப் பக்கம் பூனை மாதிரி நடப்பார்கள். "பாத்துத்தான் வந்தோம் மாமா, ஒண்ணும் ஆகல" என்று எனக்கு ஆறுதல் வேறு.

இன்று காலை விடிவு வந்தது. கயிறிழுக்கும் போட்டியில் தன் அணி தோற்பதைப் பொறுக்காமல், புதிதாக வந்த பயிற்சியாளர்ப் பெண் கயிற்றின் நுனியைப் பம்பில் கட்டிவிட்டாள். அணி அசையவில்லை. பம்புதான் வேரோடு வந்துவிட்டது. பீய்ச்சியடிக்கும் தண்ணீரில் அவள் அழுகிறாள், நான் சிரிக்கிறேன். "அழாதம்மா, இனிமே இது உன் பொறுப்பு" என்று சாவிக்கொத்தைக் கொடுத்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி மாமா, முதல்ல எந்த வால்வை மூடணும்?" என்றாள். ஒவ்வொரு வால்வாகத் தொட்டுக் காட்டி, இரண்டு தடவை சொல்லிக்கொடுத்தேன். விட்டுப் போவது கஷ்டமாகத்தான் இருக்கிறது அக்கா. ஆனாலும் முடிவு முடிவுதான். ஞாயிற்றுக்கிழமை நானும் என் மனைவியும் பெட்டி படுக்கையோடு வருகிறோம்.

அத்தானுக்கு என் வணக்கமும் பிள்ளைகளுக்கு ஆசிகளும்.

இப்படிக்கு,
விடுதலையான உன் தம்பி

பி.கு.: கீழ் அறையை அத்தானே எடுத்துக்கொள்ளட்டும். கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம் என்று முகாமுக்குப் போனவன், வண்டியைப் பின்னால் எடுக்கும்போது வாசல் கேட்டை இடித்துவிட்டேன். கேட் இனி என் பொறுப்பு. தலைவி உடனே கேட் சாவியை என் கையில் கொடுத்துவிட்டார். என் மனைவிதான், "காலமெல்லாம் பஸ் ஓட்டி ஒரு கீறல் போடாத மனுஷன் நீங்க. இடிச்சதுகூடப் போகட்டும். முதல் தடவை கேட்டுக்கு ஒண்ணும் ஆகலைன்னதும், எதுக்குங்க மறுபடியும் இடிச்சீங்க?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். நீயும் கேட்காதே, அக்கா.