‘தெரிஞ்சதுதான்’ சார் பயிற்சிக்குப் போன கதை

சொல்வதைக் கேட்பவர்கள் உண்டு, கேட்காதவர்கள் உண்டு. இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்று இருக்கிறது: நீங்கள் வாயைத் திறப்பதற்குள்ளேயே கேட்டு முடித்துவிடுகிறவர்கள். “நேத்து ஒரு விஷயம்...” என்று ஆரம்பிப்பீர்கள். அதற்குள் எதிரே இருப்பவரின் தலை மேலும் கீழுமாக ஆடத் தொடங்கிவிடும். “தெரிஞ்சதுதான்” என்பார். என்ன தெரியும்? அது அவருக்கும் தெரியாது. ஆனால் நீங்கள் சொல்ல வந்தது உங்களுக்கே மறந்துபோயிருக்கும்.

அந்த இனத்தின் அசல் மாதிரி ஒருவரை எனக்குத் தெரியும். அரசு வழக்கறிஞர். போக்குவரத்துத் துறைக்காக இருபத்தாறு வருஷமாக நீதிமன்றத்தில் ஆஜராகிறவர். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கிறது; அலுவலகத்தில் அவர் ‘தெரிஞ்சதுதான்’ சார். நல்ல மனிதர், யாருக்கும் கெடுதல் நினைக்க மாட்டார். கடிதம் வந்தால் முதல் வரியைப் படித்துவிட்டு மீதியை ஊகித்துக்கொள்வார். மருத்துவரிடம் போனால் நோயையும் மருந்தையும் தானே சொல்லிவிட்டு, மருத்துவர் அதை எழுதி முடிப்பதற்காகப் பொறுமையாகக் காத்திருப்பார். வழி கேட்க வண்டியை நிறுத்துவார். வழி சொல்பவர் கையைத் தூக்குவதற்குள் “ஆமா ஆமா, அந்தப் பக்கம்தான்” என்று நேர் எதிர்ப்பக்கம் கிளம்பிவிடுவார். அவர் மனைவி ஊரின் முட்டுச்சந்துகளை எல்லாம் இப்படித்தான், பின் இருக்கையில் உட்கார்ந்தபடி, ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்தார்.

ஒருநாள் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. அரசுத் துறை வழக்கறிஞர்கள் எல்லாரும் செயற்கை நுண்ணறிவு, சட்டம், அறநெறி பற்றிய இரண்டு நாள் பயிற்சிக்குக் கட்டாயம் வரவேண்டும்.

“எனக்கு எதுக்குப் பயிற்சி? எல்லாம் தெரிஞ்சதுதான். போய்த் தலையைக் காட்டிட்டு வந்துடறேன்” என்றார் வீட்டில்.

“காட்டறதோட நிறுத்திக்கோங்க” என்றார் மனைவி. “ஆட்டாதீங்க.”

ஆட்டினார். முதல் வரிசையில், நட்டநடுவில் உட்கார்ந்து ஆட்டினார். பயிற்சி கொடுக்க வந்தவர் சட்டக் கல்லூரிப் பேராசிரியை. மெல்லிய குரல், நிதானமான பேச்சு. அவர் “இயந்திரம் ஒரு முடிவு எடுத்தா...” என்று தொடங்கும்போதே நம்மவர் தலை இயங்க ஆரம்பித்துவிட்டது. பின்வரிசையில் இருந்தவர்களுக்குத் திரை ஒரு நொடி தெரிந்தது, ஒரு நொடி மறைந்தது.

தேநீருக்கு முன்னால் பேராசிரியை ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தார். அதில் ஆறு தீர்ப்புகளின் சுருக்கம். இயந்திரம் சொந்தமாக இட்டுக்கட்டியதும் அதில் இருக்கலாம்; எது நிஜம், எது புளுகு என்று கண்டுபிடிக்க வேண்டும். சுவரோரம் கணினிகள் இருந்தன. நாற்பது வழக்கறிஞர்களில் முப்பத்தொன்பது பேர் நாற்காலியை இழுத்துக்கொண்டு அங்கே ஓடினார்கள். ஒருவர் மட்டும் அசையவில்லை.

“மூணாவது நிஜம்” என்று அங்கிருந்தே அறிவித்தார்.

“தேடிப் பார்த்தீங்களா சார்?”

“தேடறதா? அந்த வழக்குல ஆஜரானதே நான்தாங்க. நீதிபதி என் வாதத்தைத் தனியாக் குறிப்பிட்டே எழுதியிருக்கார்.”

பேராசிரியைக்குத் தர்மசங்கடமாகிவிட்டது. இப்படி ஒரு விடை வரும் என்று அவர் எதிர்பார்த்திருக்கவில்லை. “சார்... ஆறுமே இல்லாத தீர்ப்புங்க. நேத்து சாயங்காலம் நான்தான் இயந்திரத்தை எழுதித் தரச் சொன்னேன்.”

யாரோ பேனாவைக் கீழே போட்ட சத்தம் தெளிவாகக் கேட்டது.

பேராசிரியை நல்லவர். நம்மவரைப் பார்க்காமல் பொதுவாகச் சொன்னார்: “இதுதாங்க சிக்கல். இயந்திரத்துக்குத் தெரியலைன்னா, தெரியலைன்னு சொல்ல வராது. நேர்ல பார்த்த மாதிரி ஒண்ணை அடிச்சு விட்டுடும்.”

“எங்க ஆபீஸ்லயும் ஒண்ணு இருக்கு மேடம்” என்றது கடைசி வரிசை. “அதுக்குக் கரண்ட்கூட வேண்டாம்.”

கூடம் அதிர்ந்தது. நம்மவரும் சிரித்தார், காது மட்டும் சிவந்திருந்தது.

தேநீர்க் கோப்பையோடு ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார். கேலி அவரை அவ்வளவாக உறுத்தவில்லை. உறுத்தியது வேறொன்று. அவர் பொய் சொல்லவில்லை! அந்த வழக்கு அவருக்கு நிஜமாகவே ஞாபகம் இருந்தது. நீதிபதி கண்ணாடியைக் கழற்றி அவரைப் பார்த்ததுகூட ஞாபகம் இருந்தது. நடக்காத ஒன்று இவ்வளவு துல்லியமாக ஞாபகம் இருக்கிறதென்றால், நடந்ததாகத் தான் நினைத்துக்கொண்டிருக்கும் மற்றதெல்லாம்? அப்போதுதான் வருகிற திங்கட்கிழமை விசாரணைக்கு வரவிருந்த வழக்கு நினைவுக்கு வந்தது.

பள்ளி வண்டி ஓட்டுநர் ஒருவர் உரிமத்தைப் புதுப்பிக்கப் போயிருந்தார். முகத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் இயந்திரம், பழைய படத்தில் இருப்பவர் இவர் இல்லை என்று சொல்லிவிட்டது. உரிமம் நின்றுபோய், இரண்டு மாதமாக மனிதர் வீட்டில் உட்கார்ந்திருந்தார். துறை சார்பில் பதில் மனு தயாரித்ததும் ஓர் இயந்திரம்தான். முதல் வரியைப் படித்துவிட்டு நம்மவர் கையெழுத்துப் போட்டு, தாக்கலும் செய்தாகிவிட்டது.

கோப்பையை வைத்துவிட்டுச் சுவரோரக் கணினிக்குப் போனார். அந்த மனுவை முதல் தடவையாக முழுதாகப் படித்தார். மேற்கோள் காட்டிய தீர்ப்புகள் நான்கு. இரண்டு கிடைத்தன. மற்ற இரண்டை எப்படித் தேடியும் காணோம். ‘அதிகாரி ஒருவர் நேரில் சரிபார்த்தார்’ என்று ஒரு வரி வேறு. அலுவலகத்துக்குப் போன் போட்டார்.

“அந்த டிரைவர் படத்தை யாராவது கண்ணால பார்த்தீங்களா?”

“இல்லையே சார். அதான் மெஷின் பார்த்துடுச்சே!”

நேராகப் பேராசிரியையிடம் போய் நின்றார். “ஒரு சந்தேகங்க” என்றார். அந்த வார்த்தை வெளியே வர முரண்டு பிடித்தது. “கோர்ட்ல தாக்கல் பண்ணினதுக்கப்புறம் தப்புன்னு தெரிஞ்சா என்ன செய்யறது?”

பேராசிரியை பதில் சொல்ல ஆரம்பித்தார். தலை ஆடத் தொடங்கியது. நம்மவர் தாடையைக் கையால் பிடித்துக்கொண்டார்.

“எதிர்த்தரப்பு கண்டுபிடிக்கட்டும்னு காத்திருக்கக்கூடாது. நீங்களே எழுந்து சொல்லணும். ஏன்னா, கையெழுத்தை மெஷின் போடலியே சார்.”

திங்கட்கிழமை நீதிமன்றத்தில் நம்மவர் எழுந்தார். எதிர் மூலையில் ஓட்டுநர், சட்டையைப் பொத்தான் போட்டு இறுக்கிக்கொண்டு, கையில் பழைய படத்தோடு நின்றார். நீதிபதி அம்மையார் கண்டிப்பானவர்.

“ஐயா, எங்க மனுவுல ரெண்டு தீர்ப்பு இல்லாத தீர்ப்பு. அதிகாரி பார்த்ததாச் சொன்னதும் நிஜமில்லை. படிக்காம கையெழுத்துப் போட்டது நான்தான்” என்று நீதிமன்ற வழக்கப்படி ஆரம்பித்தவர், தடுமாறி, “மன்னிக்கணுங்கம்மா” என்று முடித்தார்.

வாங்கிக் கட்டிக்கொண்டார். பத்து நிமிஷம், நின்றபடி. அப்புறம் நீதிபதி கேட்டார்: “இவர் அவரில்லைன்னு இயந்திரம் எதை வச்சுச் சொல்லுது?”

“எனக்குத் தெரியாதுங்க.”

தட்டச்சு செய்துகொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். நீதிபதியும் பேனாவை வைத்துவிட்டார். “சரியாக் காதுல விழல. இன்னொரு தடவை சொல்லுங்க.” நிஜமாகவே விழவில்லையா, இல்லை இரண்டாம் தடவை கேட்க ஆசைப்பட்டாரா என்பது இன்றுவரை யாருக்கும் விளங்கவில்லை.

துறையின் எழுத்தர் ஒருவரைக் கூப்பிட்டு, படத்தையும் ஆளையும் பார்க்கச் சொன்னார்கள். அவர் பார்த்தார். “அப்ப மீசை இருந்திருக்கு, இப்ப இல்ல. கொஞ்சம் இளைச்சிருக்கார். மத்தபடி இவர்தாங்க.” அரை நிமிஷம்கூட ஆகவில்லை. அன்று மாலையே உரிமம் கைக்கு வந்தது.

வராந்தாவில் ஓட்டுநர் ஓடிவந்து கும்பிட்டார். “ரொம்ப நன்றிங்க சார். ஆனா ஒண்ணு புரியல. நீங்க எனக்கு எதிரா வாதாட வந்தவர்னு சொன்னாங்களே?”

நம்மவரும் பதிலுக்குக் கும்பிட்டுவிட்டு நடந்தார். மனசு லேசாக இருந்தது. அன்று வீட்டில் மனைவி தன் தங்கை வீடு மாறிய கதையைச் சொன்னபோது, குறுக்கே விழாமல் கடைசிவரை கேட்டார். மனைவி பயந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

ஆள் திருந்திவிட்டார் என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் நினைத்தேன். அடுத்த குழுவின் பயிற்சிக்கு அவரையே பேச அழைத்தார்கள். தலைப்பு: அறியாமையை ஒப்புக்கொள்ளும் துணிச்சல். அரை மணி நேரம் கொடுத்திருந்தார்கள். ஒன்றரை மணி நேரம் பேசினார். அறியாமை எத்தனை வகைப்படும், அதில் எது உயர்ந்தது, எதை எப்படி ஒப்புக்கொள்ள வேண்டும் என்று விளக்கினார். புதிதாக வேலைக்கு வந்த ஒரு பெண் வழக்கறிஞர் கையைத் தூக்கி, “சார், எனக்கும் ஒரு தடவை...” என்றார். “புரியுது, உட்காருங்கம்மா” என்று கேள்வி முடிவதற்குள்ளேயே நம்மவர் பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

இதைப் படிக்கும்போது உங்களுக்கு யாரோ ஒருவர் முகம் நினைவுக்கு வந்திருக்கும். அவரிடம் இதைக் கொடுத்துப் படிக்கச் சொல்லலாமா என்றுகூடத் தோன்றியிருக்கும். தாராளமாகக் கொடுங்கள். அதற்கு முன்னால் ஒரே ஒரு காரியம். வீட்டில் இருப்பவர்களிடம் போய், “நான் அந்த ரகமா?” என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, அவர்கள் பேசி முடிக்கும்வரை அங்கேயே நில்லுங்கள்.