பட்டுக்கோழி விஷயமாகச் சம்பந்தியம்மாவுக்கு

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

அடுத்த தெருச் சம்பந்தி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் மனைவியும் உடலளவில் நலம். அங்கு நீங்களும் சம்பந்தி ஐயாவும் என் மகளும், காலில் கட்டுப் போட்டிருக்கும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டும் என்பதே என் வேண்டுதல். இதைப் போனில் சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். சொல்லத்தான் தினமும் போனை எடுக்கிறேன். ஆனால் நீங்கள் ஹெட் நர்ஸாக இருந்து ஒரு வார்டையே எழுந்து உட்கார வைத்த அந்தக் குரலில் "சொல்லுங்க" என்றதும், "சும்மாதாம்மா கூப்பிட்டேன், அங்க மழையா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன். அந்த ஊர் மழையைப் பற்றி என் அளவுக்கு விசாரித்தவன் வேறு யாரும் இருக்க முடியாது. அதனால்தான் கடிதம். முழுவதும் படித்துவிட்டுக் கோபப்படவும்.

மாப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள நீங்கள் இருவரும் அவர்கள் ஊருக்குக் கிளம்பிய அன்று, கேட்டருகே நின்று சாவியைக் கொடுத்துச் சொன்னது எனக்கு ஒரு எழுத்து மாறாமல் ஞாபகமிருக்கிறது. "மத்ததெல்லாம் வெறும் கோழிதான் அண்ணா. பட்டு மட்டும் எனக்குப் பொண்ணு மாதிரி. உங்க பொண்ணை அங்க நான் பாத்துக்கறேன், என் பொண்ணை இங்க நீங்க பாத்துக்கங்க." சிரித்துக்கொண்டேதான் சொன்னீர்கள். வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் மறந்தும் போயிருப்பீர்கள். எனக்கு அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. பெண்ணுக்குப் பெண் என்று ஆகிவிட்டதல்லவா? இங்கே பட்டு ஒரு தும்மல் போட்டால் அங்கே என் மகளுக்கு ஒரு சொல் விழுமோ என்று மனம் கிடந்து அடித்துக்கொள்கிறது. அவளோ வாயில்லாப் பூச்சி. கல்யாணமாகிச் சில மாதங்கள்தான் ஆகின்றன. யார் என்ன சொன்னாலும் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவாள்.

நான் குடிநீர் வாரியத்தில் வீடு வீடாக ஏறி மீட்டர் பார்த்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். நாய் துரத்தியிருக்கிறது, ஒரு வீட்டில் வாத்து துரத்தியிருக்கிறது. ஓய்வு பெற்ற அன்று, இனி எந்தப் பிராணிக்கும் பயப்பட வேண்டியதில்லை என்று நிம்மதியாக மூச்சு விட்டேன். உங்கள் சேவல் கலெக்டரை அப்போது நான் அறியவில்லை. அது நேராக வந்து கொத்துவதில்லை சம்பந்தியம்மா. குழாய்க்குப் பின்னால் நின்று ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்கிறது. தண்ணீர்க் கிண்ணத்தை வைக்க நான் எப்போது குனிவேன் என்று அதற்குத் தெரிகிறது. இப்போதெல்லாம் குடையை விரித்து முன்னால் பிடித்துக்கொண்டுதான் கொல்லைக்குள் போகிறேன். உங்கள் எதிர்வீட்டம்மா "என்ன சார், வெயிலும் இல்ல மழையும் இல்ல" என்று கேட்டார். சும்மாதான் என்றேன். மற்றவையும் லேசுப்பட்டவை அல்ல. வாயாடிக் கோழி முட்டையே இடுவதில்லை, ஆனால் யார் இட்டாலும் தான் இட்டதாகத் தெருவுக்கே தெரியும்படிக் கத்துகிறது. சாம்பல் நிறக் கோழி உங்கள் சமையலறை ஜன்னலுக்குக் கீழே தலையைச் சாய்த்து நின்று நாங்கள் பேசுவதையெல்லாம் கேட்கிறது. என் மனைவி அதைப் பார்த்தால் குரலைத் தாழ்த்திக்கொள்கிறாள். கழுத்தில் முடியில்லாத கைதி எப்படியாவது தப்பிவிடுகிறது, தபால்காரர்தான் அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்து ஒப்படைக்கிறார். பட்டு ஒருத்திதான் தங்கம். நான் உட்கார்ந்தால் என் செருப்பின் மேல் ஏறி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வாள். உங்கள் கொல்லைக்கு வந்துபோக ஆரம்பித்ததிலிருந்து நான் பயமில்லாமல் இருந்தது அவள் அப்படி உட்கார்ந்திருந்த நேரங்களில் மட்டும்தான்.

அவளைத்தான் நான் கெடுத்துவிட்டேன்.

ஒரு நாள் காலை அவள் மண்ணில் ஒருக்களித்து விழுந்து, காலை உதைத்துக்கொண்டு, இறக்கையால் புழுதியை வாரித் தன் மேலேயே போட்டுக்கொண்டிருந்தாள். கண் பாதி செருகியிருந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. வலிப்பு என்று நினைத்துத் தண்ணீரை எடுத்து முகத்தில் அடித்தேன். புழுதி முழுவதும் சேறாகி அவள் மேல் அப்பிக்கொண்டது. அந்தக் கோலத்தில் எதிர்வீட்டம்மா பார்த்தால் உங்களுக்குப் போன் போய்விடுமே என்று, எங்கள் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, வாளியில் வெந்நீர் விட்டு, என் மனைவியின் ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டினேன். நன்றாகத்தான் இருந்தாள். வாசனையாகக்கூட இருந்தாள். அதற்கு அடுத்த வாரம் கூண்டைத் திறந்தால் தலையணை கிழிந்தது போல உள்ளே எங்கும் கறுப்பு இறகு. பூனையோ என்று பதறி அவளை அள்ளி எடுத்தேன். வால் இறகு என் கையோடு வந்துவிட்டது. இழுக்கவில்லை அம்மா, சத்தியமாக இழுக்கவில்லை, தொட்டதும் வந்துவிட்டது. வந்த இடத்திலேயே அதைத் திரும்பச் செருகிக்கூடப் பார்த்தேன். என் மனைவி வந்து பார்த்து, "என்னங்க பண்ணீங்க அதை" என்றாள். நாலு நாளில் கழுத்து வெறுமையானது, பிறகு நெஞ்சு, பிறகு முதுகு. முட்டையும் நின்றது. டாக்டரிடம் காட்டலாம் என்றால் கூடையில் அவளை வைத்துக்கொண்டு எதிர்வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். யாரிடமும் கேட்கவும் இல்லை, எல்லாம் என் ஷாம்பு செய்த வேலை என்று எனக்கே தெரியும்போது கேட்பதற்கு என்ன இருக்கிறது?

உடம்பு குளிருமே என்று என் மனைவி ஒரு சட்டை தைத்தாள். கையில் கிடைத்த துணி என் பழைய காக்கிப் பேன்ட். இறக்கை நுழைய இரண்டு ஓட்டை விட்டு, முதுகில் பட்டன் வைத்து நன்றாகத்தான் தைத்திருந்தாள். அதை மாட்டிப் பட்டுவைக் கொல்லையில் இறக்கியதும் ஒரு கணம் எல்லாக் கோழிகளும் அசையாமல் நின்றன. அடுத்த கணம் கலெக்டர் சுவரேறி அந்தப் பக்கம் குதித்துவிட்டது. வாயாடி வாழ்க்கையில் முதல் தடவையாக வாயை மூடியது. மற்றவை மூலைக்கு மூலை முட்டி மோதி ஓடின. பட்டு ஒன்றும் புரியாமல் தன் கூட்டத்தைத் துரத்திக்கொண்டு போனாள், அவள் போகப் போக அவை இன்னும் ஓடின. காக்கியைக் கண்டு நாய் குரைத்துத்தான் பார்த்திருக்கிறேன், சேவல் ஊரை விட்டுப் போய் இப்போதுதான் பார்க்கிறேன். பக்கத்து வீட்டு மாடிப்படியிலிருந்து கலெக்டரை நான் எப்படி இறக்கினேன் என்பதை இந்தக் கடிதத்தில் எழுதுவதாக இல்லை.

இனி எழுதப் போவதுதான் பெரிய குற்றம். கடைவீதிக் கோழிக்காரரிடம் போய், அச்சாகப் பட்டு மாதிரியே கறுப்பாகப் பளபளவென்று ஒரு கோழியை வாங்கி வந்து உங்கள் கொல்லையில் விட்டுவிட்டேன். நிஜமான பட்டு எங்கள் குளியலறையில் இருக்கிறாள். நான் குளிக்கும்போது சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்ளச் சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. புதிதாக வந்தது நிறத்தில்தான் பட்டு, குணத்தில் ரவுடி. வந்த அன்றே கலெக்டரைக் கூண்டுக்கு அடியில் ஒளிய வைத்துவிட்டது. இப்போது கலெக்டரும் நானும் ஒரே குடைக்குப் பின்னால் நின்றுகொண்டு தீவனம் போடுகிறோம். நேற்று என் மகள் வீடியோவில் கூப்பிட்டபோது நீங்கள் எட்டிப் பார்த்து, "அண்ணா, என் பட்டு நான் இருந்தப்ப இருந்ததைவிட நல்லா இருக்காளே, உங்களை நம்பி விட்டது வீண் போகல" என்றீர்கள். மழையா என்றுகூடக் கேட்க வரவில்லை. அந்த ஒரு சொல்தான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது.

தண்டனையை எனக்குக் கொடுங்கள். கேட்டருகே நிறுத்தித் தெருவே கேட்கும்படி என்னைத் திட்டுங்கள், தலையைக் குனிந்து நிற்கிறேன். என் மகளை மட்டும் ஒன்றும் சொல்லிவிடாதீர்கள். அவளுக்கு எதுவும் தெரியாது. உங்கள் முன்னால் அவள் எப்படி மிரண்டு நிற்கிறாளோ என்று நினைத்தால் எனக்குக் கண் கலங்குகிறது.

சம்பந்தி ஐயாவுக்கு என் வணக்கம். மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் எங்கள் இருவரின் ஆசீர்வாதம். மாப்பிள்ளையின் கால் சீக்கிரம் கூடட்டும், ஆனால் நீங்கள் அவசரப்பட்டுத் திரும்பும் அளவுக்குச் சீக்கிரமாக வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் மன்னிப்பை எதிர்பார்க்கும்
சம்பந்தி

பி.கு.: இது இனி சம்பந்தியம்மாவுக்கு எழுதிய கடிதம் அல்ல. சம்பந்தி ஐயா, இது உங்களுக்கு. உறையை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் போன் வந்தது. மொட்டை மாடியில் நின்று ரகசியக் குரலில், "நேத்து வீடியோல அந்தப் பளபளப்பைப் பாத்ததுமே எனக்குச் சந்தேகம். பட்டுக்கு இறகு கொட்டுதா சம்பந்தி? பயப்படாதீங்க, வருஷா வருஷம் பழசு கொட்டிப் புதுசு முளைக்கும், மண்ணுல புரளறதுதான் அதுங்களுக்குக் குளியல்" என்று நீங்கள் சொன்னதும் நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அதற்கு மேல் நீங்கள் சொன்னதைக் கேட்டு எழுந்திருக்கவே முடியவில்லை. சம்பந்தியம்மா தன் தங்கை வீட்டுக்குப் போயிருந்த வருஷம் நீங்களும் இதே போலப் பயந்து, அதே கோழிக்காரரிடம் கறுப்புக் கோழி வாங்கி விட்டீர்கள், முதல் பட்டு உங்கள் ஆபீஸ் டிரைவர் வீட்டில் சுகமாக இருக்கிறாள் என்றால், என் குளியலறையில் இருப்பவளுக்காக நான் விட்ட கண்ணீரெல்லாம் யாருக்கு? சரி, போகட்டும். சம்பந்தியம்மா வந்து கேட்டால் நாம் இருவரும் ஒரே கதையைச் சொல்ல வேண்டுமே என்றுதான் நடந்ததை விவரமாக இப்படியே அனுப்புகிறேன். மேலே என் மகளைப் பற்றி எழுதியதை மட்டும் அடித்துவிடவும். "உங்க பொண்ணா? எங்க கதியைக் கேளுங்க சம்பந்தி. அவ சொன்னாத்தான் இங்க டிவி ஓடுது. அவ ஆபீஸ்ல இருந்து வர்ற சத்தம் கேட்டா உங்க சம்பந்தியம்மாவே எழுந்து அடுப்பைத் துடைக்கறா. நான் இப்ப யாருக்குப் பயந்து மாடியில நின்னு பேசறேன்னு நினைக்கறீங்க" என்றீர்களே, அதைக் கேட்டபோதுதான் யோசித்துப் பார்த்தேன். அவள் கல்யாணமாகிப் போன பிறகுதான் நானும் செருப்பை இஷ்டப்பட்ட இடத்தில் கழற்றிவிட ஆரம்பித்தேன். வீட்டு விலாசத்துக்கு அனுப்பவில்லை, நீங்கள் இருக்கும் கட்டடத்தின் கீழ்த்தளத்து இஸ்திரிக்காரர் பெயருக்கு அனுப்புகிறேன், வாங்கிப் படித்ததும் கிழித்துவிடுங்கள். சம்பந்தியம்மா கையில் கிடைத்தால்கூடக் காலில் விழுந்து சமாளித்துக்கொள்ளலாம். என் மகள் கையில் மட்டும் சிக்கிவிடக் கூடாது.