மேற்பார்வையாளர் காத்தவராயன்

உயிர் உடம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும்வரை அந்த ராட்டினத்தில் ஏறுவதில்லை என்று காத்தவராயன் முடிவு செய்து எட்டு வருஷம் ஆகிறது. முடிவை யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடம் சொல்லவே சொல்லவில்லை.

முட்டுக்காட்டில் சுற்றுலாப் படகு ஓட்டுகிறவர் அவர். அதற்கு முன்னால் பதினெட்டு வருஷம் கடல். ஒரு புயலன்று கரையில் எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, தனியாகப் போய், கவிழ்ந்த படகைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்த இரண்டு பேரைத் தூக்கி வந்தவர். குப்பத்தில் பிள்ளைகளுக்கு ஊசி போடும்போதுகூட, "காத்தவராயன் மாமா அழுவாரா?" என்றுதான் கேட்பார்கள். அப்படிப்பட்ட பெயர்.

ஆழம் என்றால் அவருக்கு அலட்சியம். உயரம் என்றால் மட்டும் ஆகவே ஆகாது. தென்னை மரத்தை அண்ணாந்து பார்த்தாலே பிடரி வியர்க்கும். பத்தொன்பது வயதில் ஒரு திருவிழா ராட்டினம் அவரை உச்சியில் வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் நின்றுபோனதுதான் காரணம். அன்றைக்குக் கூட இருந்தவன் பிறகு துபாய் போய்விட்டான். உள்ளூரில் சாட்சி கிடையாது.

அவர் மனைவி ஆதியம்மாள் கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்தில் குடை விரித்து மீன் விற்பவள். அவள் உட்காரும் இடத்துக்கு நேர் எதிரே, சவுக்குத் தோப்புக்கு மேலே, 'நீலமுத்து' கேளிக்கைப் பூங்காவின் பெரிய ராட்டினம் சுற்றும். எட்டு வருஷமாக வஞ்சிரத்தை வெட்டிக்கொண்டே அவள் அதைப் பார்த்து வந்தாள். அவளுக்கு ஒரே ஆசை. அந்த உச்சியிலிருந்து பார்த்தால் தான் உட்காருகிற இடம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். புருஷனோடு சேர்ந்து பார்க்க வேண்டும்.

அவளுடைய தம்பி தேவாவுக்கு அந்தப் பூங்காவிலேயே, அதுவும் அந்த ராட்டினத்தை ஓட்டுகிற வேலையே கிடைத்தது. ஊழியர் குடும்பத்துக்கு இலவச அனுமதி உண்டு. காத்தவராயனுக்கு ராத்தூக்கம் போனது அன்றிலிருந்துதான்.

அப்புறம் கொரோனா வந்தது. நாடே கலங்கி நின்றது. படகுத்துறையும் மூடிவிட்டதால் காத்தவராயனும் கலங்கித்தான் நின்றார். ஆனாலும் பூங்காவைப் பூட்டிவிட்டார்கள் என்று தேவா வந்து சொன்ன அன்றைக்கு மட்டும் மீன் குழம்பை இரண்டு தரம் ஊற்றிக்கொண்டு சாப்பிட்டார்.

பல மாதம் கழித்துப் பூங்காவைத் திறந்தார்கள். ராட்டினத்திலும் முகக்கவசம் கட்டாயம் என்று வாசலில் பலகை வைத்தார்கள். ஆதியம்மாள் கூப்பிட்டாள். மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு அவ்வளவு உயரம் போனால் காற்று பத்தாது, மூச்சு முட்டும் என்றார் இவர். மேலே கடல் காற்று அள்ளிக்கொண்டு போகுமே என்றாள் அவள். காற்று இருக்கும், மாஸ்க் உள்ளே விட வேண்டுமே என்றார். அவள் சரி என்றாள்.

மறுபடி மூடினார்கள். மறுபடி திறந்தார்கள். இந்தத் தடவை வரிசையில் நிற்கும்போது மாஸ்க் வேண்டும், ராட்டினத்தில் ஏறியதும் கழற்றிப் பையில் வைக்க வேண்டும், பறந்துபோய் இயந்திரத்தில் சிக்கினால் வம்பு என்று விதி. கண்டவன் உட்கார்ந்த பெட்டியில் மூக்கைத் திறந்துகொண்டு உட்காருவதா என்று கேட்டார் காத்தவராயன். அவள் அதற்கும் சரி என்றாள்.

பிறகு, போட விரும்புகிறவர்கள் போடலாம் என்று மாற்றினார்கள். அந்த விதி காத்தவராயனைக் கொஞ்சம் ஆட்டிவிட்டது. ஒரு ராத்திரி முழுக்க யோசித்து, "ரூலு தெளிவா இல்லமே. தெளியட்டும், போலாம்" என்று சொல்லித் தப்பினார்.

இப்படித் தப்பிப்பதற்காக அவர் விதிகளைப் படிக்க வேண்டியிருந்தது. டீக்கடையில் செய்தித்தாள் வந்ததும் முதல் ஆளாக எடுத்து, எதைத் திறந்தார்கள், எதை மூடினார்கள் என்று வரி வரியாகப் பார்ப்பார். கொஞ்ச நாளில் குப்பத்தில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அவரிடம்தான் வந்தார்கள். கல்யாணத்துக்கு எத்தனை பேர், சாவுக்கு எத்தனை பேர், பஸ்ஸில் நின்றுகொண்டு போகலாமா, எல்லாவற்றுக்கும் காத்தவராயன் தீர்ப்புச் சொன்னார். பூங்கா வாசல் பலகையிலோ ஸ்டிக்கர் மேல் ஸ்டிக்கராக ஒட்டி ஒட்டி, பலகையே ஒரு விரல் தடிமன் ஆகிவிட்டிருந்தது.

கடைசியாக மறுபடியும் கட்டாயம் என்று வந்தது. ஏறும்போதும் வேண்டும், மேலேயும் வேண்டும், இறங்கும்போதும் வேண்டும். அன்று மீன் கூடையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு ஆதியம்மாள் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"இப்போ ரூலு தெளிவா கீதா?"

"கீது. ஆனா கீழ மட்டுந்தான் கீது. மேல போனதும் எல்லாரும் மாஸ்க்க கழட்டிப் போட்டுடுவானுங்க. அந்தரத்துல யாரு பாக்கப் போறாங்க?"

"யாராச்சும் கூட போயி பாத்தா?"

"அப்படி ஒரு ஆள வெச்சா சரிதான். ரூலு தெரிஞ்ச ஆளா இருக்கணும். நாலு பேரு பேச்சு கேக்கற ஆளா இருக்கணும். அப்படி ஆளுக்கு எங்க போறது?"

"அதுவும் நாயந்தான்" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்பைப் பார்க்கப் போனாள்.

இவ்வளவு சுலபமாக முடிந்ததே என்று காத்தவராயன் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

பத்து நாள் கழித்து தேவா ஒரு கடிதத்தோடு வந்தான். பூங்கா மேனேஜர் சங்கரி கையெழுத்துப் போட்ட கடிதம். விதிமுறைகளில் தேர்ந்த உள்ளூர்ப் பிரமுகர் என்ற முறையில், திரு. காத்தவராயன் அவர்களை ஞாயிற்றுக்கிழமைகளுக்கு முகக்கவச மேற்பார்வையாளராக அழைப்பதில் பூங்கா பெருமைப்படுகிறது என்று எழுதியிருந்தது. பிரமுகர் என்ற சொல்லை அவர் மூன்று தரம் படித்தார். வாசலில் நாற்காலி, கையில் விசில், நுழைகிறவர்களை ஒவ்வொருவராக நிறுத்திப் பார்ப்பது என்று ஒரு படம் மனதில் ஓடியது. ராட்டினம் இருப்பது உள்ளே, தான் இருக்கப்போவது வாசலில் என்று கணக்குப் போட்டுப் பார்த்து, சரி என்றார். சாயங்காலத்துக்குள் குப்பம் முழுக்கச் செய்தி போய்விட்டது. சொன்னவரும் அவரேதான்.

ஞாயிறு காலை ஆதியம்மாள் வெள்ளைச் சட்டையைத் தேய்த்துக் கொடுத்தாள். தானும் ஒரு நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு, புருஷனுடைய முதல் நாள் உத்தியோகத்தைப் பார்க்க வருவதாகச் சொன்னாள். அவருக்கு அதில் பெருமைதான். குப்பத்திலிருந்து இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர் கிளம்பியதும் பெருமைதான்.

மேனேஜர் சங்கரி கைகூப்பி வரவேற்றார். மஞ்சள் மேலங்கி ஒன்றை மாட்டிவிட்டார். கழுத்தில் விசில் தொங்கியது. வாசலில் நாற்காலி இல்லையே என்று பார்த்துக்கொண்டே நடந்தவரை நேராக ராட்டினத்தடிக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே தேவா ஒரு பெட்டியின் கதவைத் திறந்துகொண்டு நின்றான்.

"குந்து மாமா."

"நான் இன்னாத்துக்குக் குந்தணும்? நான் மேற்பார்வை."

"அதான் மாமா. மேல போயி பாக்கறதுதான் மேற்பார்வை."

மேனேஜர் விளக்கினார். மேலே போனதும் ஜனங்கள் மாஸ்க்கைக் கழற்றிவிடுகிறார்கள், கூடவே ஒருவர் போனால்தான் சரிப்படும் என்று சார் சொன்ன யோசனையை அவருடைய மனைவி நேரில் வந்து சொன்னாராம். இத்தனை மாதத்தில் உருப்படியாக ஒருவர் சொன்ன யோசனை அது ஒன்றுதானாம்.

காத்தவராயன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் மாஸ்க் போட்டிருந்தாள். சிரிக்கிறாளா இல்லையா என்று தெரியவில்லை.

மூச்சு முட்டும் என்று சொல்லலாமா என்று நினைத்தார். வெயில் காலத்தில் அதே மாஸ்க்கோடு நாள் முழுக்க நின்று மீன் விற்றவள் எதிரே நிற்கிறாள். பெட்டியில் கிருமி என்று சொல்லலாமா என்று பார்த்தார். தேவா பெட்டி பெட்டியாக மருந்து தெளித்துத் துடைத்துக்கொண்டிருந்தான். விதி தெளிவில்லை என்று சொல்ல வாயெடுத்தார். விதியைத் தெளிவாக்கியவரே அவர்தான். பின்னால் வரிசையில் நின்ற குப்பத்து ஜனம் கைதட்டியது. வேறு வழியில்லாமல் உட்கார்ந்தார். பக்கத்தில் ஆதியம்மாள் உட்கார்ந்தாள்.

ராட்டினம் கிளம்பியது. காத்தவராயன் கண்ணை மூடினார். கம்பியை அவர் பிடித்த பிடியில் கை எது, கம்பி எது என்று தெரியவில்லை. பாதி முகத்தை மாஸ்க் மறைத்துக்கொண்டதால் அவருடைய மானத்தில் பாதி மிஞ்சியது. காற்று சட்டைக்குள் புகுந்து உப்பியது. பெட்டி லேசாக ஆடியபோது குலதெய்வத்துக்குக் கிடா வெட்டுவதாக வேண்டிக்கொண்டார். இன்னொரு தரம் ஆடியதும் அதை இரண்டு கிடாவாக்கினார்.

உச்சியில் போய் நின்றது. ஆதியம்மாள் கம்பிக்கு மேலே எட்டிப் பார்த்தாள். பிறகு, கண் திறக்காதவருக்குச் சொல்கிற மாதிரி நிதானமாகச் சொல்ல ஆரம்பித்தாள். அந்தப் பக்கம் காயல் தெரிகிறது. படகுத்துறை தெரிகிறது, அவருடைய படகு மூன்றாவதாகக் கட்டியிருக்கிறது. நீல தார்ப்பாய் போட்ட கூரை நம்முடையதுதான். சாலை ஓரத்தில் தான் விரித்தபடி விட்டு வந்த குடை இருக்கிறது, தீப்பெட்டி அளவுகூட இல்லை.

"அம்மாந்தூண்டு எடத்துலதான்யா இத்தினி வருசமா குந்திகினு கீறேன்" என்றாள். அவள் குரல் ஒரு மாதிரி இருந்தது. காத்தவராயன் கண்ணைத் திறக்காமலே ஒரு கையைக் கம்பியிலிருந்து பிடுங்கி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். ஆறுதல் சொல்வதற்காகப் பிடித்தாரா, விழுந்துவிடாமல் இருக்கப் பிடித்தாரா என்பதை அவரே இதுவரை முடிவு செய்யவில்லை. நீ ஏன் கண்ணை மூடியிருக்கிறாய் என்று அவளும் கேட்கவில்லை.

கீழே வந்ததும் அவள் இறங்கிக்கொண்டாள். அவரால் இறங்க முடியவில்லை. உத்தியோகமாயிற்றே. அன்று இருபத்து மூன்று தரம் மேலே போனார்.

இருபத்து மூன்று தரமும் கண்ணை மூடிக்கொண்டுதான் மேற்பார்த்தார். ஆனால் மூடுபனியில் இன்ஜின் சத்தத்தை வைத்தே எவன் படகு வருகிறது என்று சொல்கிற காது அவருக்கு. மாஸ்க் போட்டவன் பேச்சு பானைக்குள்ளிருந்து வருகிற மாதிரி வரும். கழற்றியவன் பேச்சு பளிச்சென்று வரும். பளிச்சென்று கேட்ட பக்கமெல்லாம் விசில் அடித்தார். கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடிக்கிறாரே என்று ஜனம் மிரண்டுபோய் மாஸ்க்கைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டது. இப்படி ஒரு மேற்பார்வையைத் தான் பார்த்ததே இல்லை என்று மேனேஜர் சொன்னார். வீட்டுக்கு வந்த காத்தவராயன் இரண்டு நாள் கட்டிலில் படுக்கவில்லை. தரையில்தான் படுத்தார். கட்டில் உயரமாகத் தெரிந்தது.

இப்படி நாலு ஞாயிறு போயிற்று. ஐந்தாவது வாரம், ஒரு வியாழக்கிழமை, டீக்கடையில் செய்தித்தாளைப் பிரித்தவர் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். முகக்கவசக் கட்டுப்பாடு அடியோடு நீக்கம். இரண்டு தரம் படித்துப் பார்த்தார். அடியோடு என்றுதான் இருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேராகச் சாலை ஓரத்துக்கு ஓடினார். ஆதியம்மாள் சங்கரா மீனுக்குச் செதில் சீவிக்கொண்டிருந்தாள்.

மாஸ்க்கே போய்விட்டது, அதனால் மேற்பார்வையும் போய்விட்டது, இதில் தனக்கு ரொம்ப வருத்தம்தான் என்று முகத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு சொன்னார். நல்ல உத்தியோகம், கொடுத்து வைக்கவில்லை என்று ஒரு பெருமூச்சும் விட்டார்.

ஆதியம்மாள் கத்தியைத் துடைத்தாள்.

"வருத்தப்படாதய்யா. மேனேஜர் அம்மா காலையிலயே போன் பண்ட்டாங்க. மேல போற பொம்பளைங்களும் புள்ளைங்களும் ரொம்ப பயப்படறாங்களாம், கூட குந்த தெகிரியமான ஆளு ஒருத்தரு தெனமும் வேணுமாம். நீ வருவன்னு சொல்லிட்டேன்."